வாய்க்கட்டுப் போட்ட மடிக்கணினி

அந்த ஹெட்ஃபோனை அன்ரி அரிசி வாளிக்குள் புதைத்து வைத்திருந்தார். கொட்டாஞ்சேனை வீட்டுக்கு நான் முதன்முதலாகப் போன அந்தப் புதன்கிழமை, என்னை முன்னறையில் இருத்திவிட்டுக் குசினிக்குள் போனார். வாளி மூடி திறக்கிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். முழங்கை வரை கையை அரிசிக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். வெளியே வந்தது சொப்பிங் பையில் சுற்றிய ஒரு பொட்டலம். பையில் எங்கோ ஓட்டை இருந்திருக்க வேண்டும். வெள்ளை வயர், கறுப்புப் பஞ்சு வைத்த இரண்டு காதுகள், வாய்க்கு முன்னால் நீளும் சின்ன மைக், எல்லாவற்றிலும் அரிசித் தூள். சட்டை நுனியால் துடைத்துத் துடைத்துத் தந்தார். இடது காதுப் பஞ்சுக்குள் ஓர் அரிசி போய் மாட்டிக்கொண்டிருந்தது. ஊசி கொண்டுவந்து எடுக்கப் பார்த்தார், வரவில்லை. “அது கிடக்கட்டும் அன்ரி, கேக்கிறதுக்கு அது தடையில்லை” என்றேன். அன்றைக்கு எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

அன்ரி என்றால் எனக்குச் சொந்தமில்லை. கொழும்பில் கூட்டாளியின் தாயும் அன்ரிதான், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும் பெண்ணும் அன்ரிதான். இவர் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து காலமான ஒருவரின் மனைவி. ஒரே மகன். நான் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு சிறிய கணினிக் கடையில் திருத்துநராக இருந்தேன். அந்தப் புதன்கிழமை காலை நாங்கள் கதவைத் தூக்கும்போதே அன்ரி குடையோடு வாசலில் நின்றார். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கையில் எங்கள் கடையின் பழைய பில் ஒன்று, மகன் எப்போதோ ஏதோ வயர் வாங்கியது. “தம்பி, லப்டொப்பைக் கொண்டுவர ஏலாது, கோட்டைச் சோதனைச் சாவடியிலை இறக்கி வைச்சுக் கேப்பினம். நீர்தான் வரவேணும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முதல் அது கதைக்கவேணும்” என்றார். ஒரு மூச்சில் சொன்னார். பஸ்ஸில் வரும்போதே மனனம் செய்திருப்பார்.

கதைக்கவேணும் என்றதன் காரணத்தை நான் வீட்டுக்குப் போன பிறகுதான் சொன்னார். இருபத்து மூன்று வயது மகன் இரண்டு மாதத்துக்கு முன் ஏஜென்சிக்காரனோடு போய்விட்டான். போர் நடந்த அந்த வருடங்களில் அந்த வயதில் ஒரு தமிழ்ப் பொடியனைக் கொழும்பில் வைத்திருப்பதென்றால், அவன் பாண் வாங்கப் போனாலும் யாரும் பிடித்துக்கொண்டு போகாமல் திரும்பி வரும் வரை தாய் வாசலில் நிற்க வேண்டும். இவரும் நின்று களைத்து அனுப்பிவிட்டார். அவன் இப்போது ஆபிரிக்காவின் மேற்குக் கரையில் ஏதோ ஒரு நகரத்தில், ஒரே அறையில் பதினொரு பேரோடு இருந்தான். அங்கிருந்து படகில் ஏற்றப் போகிறார்கள். கனடாவில் இருக்கும் ஒன்றுவிட்ட அக்காவுக்கு அவன் மெயில் அனுப்பியிருந்தான்: வெள்ளிக்கிழமை, கொழும்பு நேரம் நாலு மணிக்கு, ஏஜென்சிக்காரனின் ஆள் ஐந்து நிமிடம் இன்டர்நெற்றில் கதைக்க விடுவான், அம்மாவை லப்டொப்புக்கு முன்னால் இருக்கச் சொல்லுங்கோ, சனிக்கிழமை ஏற்றுகிறார்கள்.

இது தெரிந்து அன்ரி சந்தோஷப்பட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தப் போன இடத்தில் அந்தச் சந்தோஷம் போயிற்று. பக்கத்தில் முழங்காலில் இருந்த பெண்ணின் மருமகனும் அதே ஏஜென்சிக்காரன் மூலம்தான் போனவன், அதே கரையிலிருந்து, முந்தின படகில். ஐந்து கிழமையாக அந்தப் படகைப் பற்றி ஒரு சொல் இல்லை. அன்ரி நேரே வீட்டுக்கு வந்து கனடாவுக்குச் சொல்லி மெயில் போடுவித்தார், ஏறாதே என்று. பதில் வரவில்லை. வராது என்று அவருக்கே தெரியும். பொடியங்களின் மெயிலை ஏஜென்சிக்காரனின் ஆட்கள் பார்ப்பார்கள். தாய் தகப்பன் பெயரில் அவர்களே எழுதவும் செய்வார்கள் என்று அந்த அறையில் இருந்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. அதனால் எழுத்தில் வருவதை ஒருவரும் நம்புவதில்லை என்று மகனே முன்னொரு மெயிலில் சொல்லியிருந்தான். “எழுத்து ஆரும் எழுதலாம் தம்பி. என்ரை குரலை ஆர் செய்யிறது? நான் ஏறாதை எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும், அவன் ஏறமாட்டான்” என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் போயிருந்தேன்.

கணினி ஏழெட்டு வருடப் பழசு, கறுப்பு நிறம், செங்கல் பாரம். ஏதோ அலுவலகத்துக்காகச் செய்த உறுதியான சாதி. மகன் போவதற்கு இரண்டு கிழமைக்கு முன் யாரிடமோ செகண்ட் ஹாண்டாக வாங்கி, விண்டோஸ் இழுபட்டதால் அதைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்டிருக்கிறான். கதைக்கிற செயலியில் அம்மாவுக்கு ஒரு கணக்குத் திறந்து, திரையில் ஒரு படத்தைத் தொட்டால் தானாகத் திறக்கும்படி செய்து வைத்திருந்தான். கடவுச்சொல் அவனுக்கும் அந்த இயந்திரத்துக்கும் மட்டும்தான் தெரியும். அதனால் அன்ரியை எங்கள் கடையில் வேறு கணினிக்கு முன்னால் இருத்தியும் பயனில்லை. அந்தக் கணக்கின் கோப்புகளை அப்படியே இன்னொரு கணினிக்கு மாற்றலாம் என்பது லினக்ஸ் தெரிந்த ஒருவனுக்குத் தெரிந்திருக்கும். எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. “சத்தம் வரேல்லை, அந்த வெள்ளவத்தைக் கடையிலை ஒருக்காக் காட்டுங்கோ எண்டு போகேக்கை சொன்னவன். சோதனைக்குப் பயந்து நான்தான் இழுத்தடிச்சுப் போட்டன்” என்று அன்ரி தன்னைத் தானே நொந்துகொண்டார்.

எங்கள் கடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த வருடங்களில் நாங்கள் பெயர்ப்பலகையில் போடாத ஒரு வேலை செய்தோம். வெள்ளவத்தை லொட்ஜுகளிலும் ஃபிளட்டுகளிலும் சோதனைக்கு வருகிற பொலிஸும் ஆமியும் கணினியைக் கண்டால் சிங்களத்தில் கேட்கும் முதல் கேள்வி, “மேகென் கதா கரன்ன புளுவன்த?” இதால் கதைக்கலாமா என்று. ஓம் என்றால் யாரோடு, எங்கே, ஏன் என்று அது நீளும். ஒரு ஹெட்ஃபோனுக்காக விசாரணைக்குக் கூட்டிப்போகப்பட்டு மூன்று நாள் கழித்து வந்தவர்கள் இருந்தார்கள். அதனால் சனங்கள் கணினியை எங்களிடம் கொண்டுவந்து, இதில் கதைக்கிற சாமான் ஒன்றும் இருக்கக்கூடாது என்பார்கள். நான் இயந்திரத்தின் அடிப்படை அமைப்புக்குள் போவேன். விண்டோஸோ லினக்ஸோ எழும்புவதற்கு முன்பே இயந்திரம் தனக்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும் இடம் அது. அங்கே ஒலி, மைக், வெளியிலிருந்து எதையும் செருகும் யு.எஸ்.பி. வாசல்கள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வேறு யாரும் திறக்காதபடி கடவுச்சொல் போட்டுப் பூட்டுவேன். மெயிலுக்கான வயர் வாசலை மட்டும் விட்டுவைப்பேன். அதன் பிறகு எந்தக் கெட்டிக்காரன் வந்து பார்த்தாலும் அந்தக் கணினியில் ஒலிக்கருவி என்று ஒன்று இல்லை. “பே மாத்தயா”, ஏலாது ஐயா என்று வீட்டுக்காரர் தைரியமாகச் சொல்லலாம், பொய் சொல்லத் தேவையில்லை. கடை முதலாளி, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் மனிதர், இதற்கு வாய்க்கட்டு என்று பெயர் வைத்தார். பாம்புக்கும் நாய்க்கும் மந்திரத்தால் வாய் கட்டுவது போல. கட்டினவன்தான் அவிழ்க்க வேண்டும் என்பது மந்திரக்காரரின் சட்டம், எங்கள் சட்டமும் அதுவே. கட்டின இயந்திரம் திரும்பி வந்தால் அடையாளம் தெரிய, பற்றரிக் குழிக்குள் என் தங்கையின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பேன். எத்தனை பொட்டு வைத்தேன் என்று தெரியாது. கட்டவிழ்க்கத் திரும்பி வந்தவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலானோர் நாட்டை விட்டுப் போகும்போது கையில் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

இதை வாசிப்பவருக்கு இப்போதே விளங்கியிருக்கும். அங்கே அந்த இயந்திரத்துக்கு முன்னால் மூன்று நாள் இருந்த எனக்கு விளங்கவில்லை. நான் வாய் கட்டியவை எல்லாம் வெள்ளவத்தைக் கணினிகள், விண்டோஸ் கணினிகள். இது கொட்டாஞ்சேனையில், மாதாவின் சுரூபத்துக்குக் கீழே, எனக்குப் பழக்கமில்லாத மண்ணிறத் திரையோடு எழும்பிய ஒன்று. புதன்கிழமை பகல் முழுக்க நான் லினக்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இயந்திரத்தில் என்னென்ன இருக்கிறது என்று கேட்கும் கட்டளையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அடித்தேன். பட்டியல் வந்தது. திரைக்கானது இருந்தது, வட்டுக்கானது இருந்தது, வயர் வாசல் இருந்தது. ஒலி என்ற சொல்லே இல்லை. இருந்து வேலை செய்யாவிட்டால் ஏதாவது செய்யலாம். இல்லவே இல்லை என்று சொல்லும் ஒன்றை எப்படித் திருத்துவது? அன்ரி பின்னால் நின்று, அந்த ஆங்கில வரிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, “பதிவுத் தாளிலை பேரில்லாத ஆள் மாதிரி” என்றார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் இருப்பவர்களின் பெயர் பொலிஸில் பதிந்த தாளில் இருக்க வேண்டும். இல்லாதவரை அலுமாரிக்குள் ஒளித்துக்கூட வைத்திருக்கிறார்கள். ஆள் இருக்கிறார், தாளில் மட்டும் இல்லை. அவர் சொன்னதை நான் காதில் போட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். கணினி தெரியாத மனிசி ஏதோ சொல்கிறார் என்று சிரித்துவிட்டு அடுத்த கட்டளையை அடித்தேன்.

வியாழக்கிழமை இரண்டு சாமான் கொண்டுபோனேன். ஒன்று, யு.எஸ்.பி.யில் செருகும் வேறு ஹெட்ஃபோன். கோட்டையில் பையைக் கிளறியவன் அதைத் தூக்கிப் பிடித்து என் முகத்தைப் பார்த்தான், பாட்டுக் கேட்க என்றேன், விட்டுவிட்டான். பயந்தது மிச்சம், வாசல்கள் செத்துக் கிடந்தன. மற்றது, சீடியிலிருந்தே எழும்பும் வேறொரு லினக்ஸ். அதிலும் அதே பட்டியல், அதே இல்லாமை. இரண்டு லினக்ஸும் ஒன்றையே சொன்னால் பிழை லினக்ஸில் இல்லை என்று அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. தொலைபேசியில் நானாவைக் கேட்டேன். “லினக்ஸ் சும்மா குடுக்குற சாமான் தம்பி, சும்மாதான் இரிக்கும். விட்டுட்டு வாங்க” என்றார். விடாமல் அடிப்படை அமைப்புக்குள் போகப் பார்த்தேன். கடவுச்சொல் கேட்டது.

மகன்தான் போட்டிருப்பான் என்று நான் நினைத்தேன், அன்ரியும் நினைத்தார். அந்தப் பின்னேரம் முழுக்க நாங்கள் இருவரும் ஊகித்து ஊகித்து அடித்தோம். மூன்று முறை பிழையாக அடித்தால் இயந்திரம் நின்றுவிடும், அணைத்துப் போட வேண்டும், மறுபடி மூன்று. அன்ரி தன் மகனுக்குப் பிடித்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவிலிருந்து எடுத்துத் தந்தார். ஞானஸ்நானப் பெயர், பிறந்த நாள், தகப்பனின் பெயர், செத்துப்போன நாயின் பெயர், அவன் விளையாடிய பள்ளிக்கூட அணியின் பெயர், புதுநன்மை எடுத்த தேதி. ஒவ்வொன்றையும் நான் அடித்து, பிழை என்று திரை சொல்லும்போது, தன் மகனைத் தனக்குத் தெரியாது என்று யாரோ சொல்வது போல அவர் முகம் சுருங்கியது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, “ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்குது, தெமட்டகொடையிலை. எனக்குத் தெரியாதெண்டு அவன் நினைச்சுக்கொண்டிருக்கிறான்” என்று ஒரு பெயரைச் சொன்னார். அதுவும் இல்லை. இருட்டுவதற்குள் நான் வெள்ளவத்தைக்குப் போய்ச் சேர வேண்டும், எழும்பினேன். படியில் இறங்கும்போது அன்ரி கேட்டார், “தம்பி, நாளைக்கும் வாரும், என்ன?” நாளைக்கு வந்து எதைச் செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஓம் என்றேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணியிலிருந்து மூன்றரை வரை செய்தவற்றை எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒலிக்கான கோப்புகளை ஏற்றினேன், இறக்கினேன், வேறு பெயரில் ஏற்றினேன். இல்லாத கருவிக்கு எத்தனை கோப்பு ஏற்றினால் என்ன? மூன்றரைக்கு அன்ரி முகம் கழுவி, தலை வாரி, கோயிலுக்குப் போகும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். “அன்ரி, இன்னும் வரேல்லை” என்றேன். “நீர் பாரும், நான் இதிலை இருக்கிறன்” என்று ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கதிரையில் இருந்தார், செபமாலையை மடியில் வைத்து. நான் தரையில் முழங்காலில் இருந்து அடித்துக்கொண்டிருந்தேன்.

சரியாக நான்கு மணிக்கு அழைப்பு வந்தது. மணி ஒலிக்கவில்லை. திரையில் ஒரு பச்சைப் படம் மட்டும் ஆடியது. நான் அதைத் தொட்டேன். இணைப்புக் கிடைத்துவிட்டது. விநாடிகள் ஓடத் தொடங்கின, ஒன்று, இரண்டு, மூன்று. அந்தப் பக்கத்தில் அவன் இருக்கிறான், “அம்மா” என்று கூப்பிடுகிறான், அது நிச்சயம். இந்தப் பக்கத்தில் ஒரு மூச்சுக்கூடக் கேட்கவில்லை. அன்ரி இரண்டு கையாலும் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, “மகன், ஏறாதை. ஏறாதை மகன். அம்மா சொல்லுறன், ஏறாதை” என்று கத்தினார். அடுத்த வீட்டுக்குக் கேட்கும் என்ற பயமெல்லாம் போய்விட்டது. “அன்ரி, அங்கை கேக்காது” என்றேன். கேட்டுக்கொள்ளவில்லை. கொட்டாஞ்சேனை முழுக்க அந்தச் சொல் கேட்டிருக்கும், கேட்க வேண்டிய ஒருவனைத் தவிர.

நான் விசைப்பலகையை இழுத்து, ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்தேன். அம்மா பக்கத்தில் இருக்கிறா, சத்தம் வேலை செய்யவில்லை, படகில் ஏறாதே என்கிறா. பதில் உடனே வந்தது. ஆர் நீங்கள்? கடைக்காரன் என்றேன். அம்மா கதைக்கட்டும் என்றான். மைக் வேலை செய்யவில்லை என்றேன். எல்லாரும் இப்படித்தான் சொல்லினம் என்று எழுதினான். அதை நான் வாசித்துச் சொன்னதும் அன்ரி கத்துவதை நிறுத்தினார். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். “எழுதும். சின்னனிலை காலிமுகத்திடலிலை அவன்ரை ஒரு செருப்பைக் கடல் கொண்டுபோனது, அழுதவன். மற்றச் செருப்பை நான் இன்னும் வைச்சிருக்கிறன். அது எனக்கும் அவனுக்கும்தான் தெரியும். எழுதும், கெதியாய் எழுதும்.” அவசரத்தில் பிழையாக அடித்து, அழித்து, திரும்ப அடித்தேன். பாதி எழுதும்போது விநாடிகள் நின்றன. அவன் பெயருக்குப் பக்கத்துப் பச்சை விளக்கு சாம்பல் நிறமாயிற்று. எழுதியதை அனுப்பினேன். போய்ச் சேரவில்லை என்று ஒரு சின்ன அடையாளம் அதன் அருகே வந்து நின்றது.

அன்ரி அழவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றவும் இல்லை. திரும்பவும் கூப்பிடுவான், வயரை மட்டும் சரிப்படுத்தும் என்றார். எனக்கு அந்த இயந்திரத்தை ஜன்னலுக்கு வெளியே எறிய வேண்டும் போலிருந்தது. அணைத்தேன். பற்றரிக் கொளுவி உடைந்து, மகன் அதை அகலமான டேப்பால் சுற்றி ஒட்டியிருந்தான். கழன்று விழுமே என்று மூன்று நாளாக நான் அதில் கை வைக்கவில்லை. இப்போது, வேறு செய்ய எதுவும் இல்லாததால், டேப்பை உரித்துப் பற்றரியைத் தூக்கினேன். குழிக்குள் சிவப்புப் பொட்டு.

நானே வாய் கட்டி, யாரோ விற்றுவிட்டுப் போன இயந்திரம். பிறகு பற்றரியைப் போட்டு, இயக்கி, கடவுச்சொல் கேட்ட இடத்தில் என் தங்கையின் செல்லப்பெயரை அடித்தேன். திறந்தது. எல்லா இயந்திரத்துக்கும் நான் அதே பெயரைத்தான் போட்டேன், மறக்காமல் இருக்க. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தது போதாதென்று, ஒரு தாயின் நெஞ்சைக் கிண்டி நாயின் பெயரும் காதலியின் பெயரும் எடுப்பித்திருக்கிறேன். அணைத்ததையெல்லாம் திரும்ப இயங்க விட்டேன். கணினி எழும்பியது. மண்ணிறத் திரை வந்தபோது, இத்தனை நாள் வாய்க்குள்ளேயே கிடந்த ஒரு சிறிய மேளச்சத்தம் ஹெட்ஃபோனில் வந்திருக்க வேண்டும். அன்ரி திடுக்கிட்டு வாசல் பக்கம் திரும்பி, “ஆர்?” என்று கேட்டார்.

நேரம் ஐந்து மணி. நாங்கள் அவனைக் கூப்பிட்டோம். கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். இப்போது மணி ஒலிப்பது அருமையாகக் கேட்டது. “என்ன செய்தனீர் தம்பி?” என்று அன்ரி நடுவில் ஒருமுறை கேட்டார். பற்றரிக்குள் அழுக்கு, துடைத்தேன் என்றேன். அந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை, அது தானாக வந்தது. பிறகு திருப்பி எடுக்க முடியவில்லை.

அவன் மறுபடி அழைக்கவில்லை. சனிக்கிழமை ஏறினானா, படகு போனதா, போய் என்ன ஆயிற்று, கனடாவுக்கும் தெரியவில்லை, அந்தோனியார் கோயிலில் கண்ட பெண்ணுக்கும் தெரியவில்லை. அன்ரி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாலு மணிக்குச் சேலை கட்டி, ஹெட்ஃபோனை மாட்டி, கணினிக்கு முன்னால் இருந்தார். நானும் போனேன். இயந்திரம் மக்கர் பண்ணினால் பார்க்க என்று சொல்லிக்கொண்டு போனேன். பிளேன்ரீயும் மீன் வைத்த மாலுபாணும் தருவார். வந்து போகிறவர்களிடம், “கடைசி நேரத்திலையும் விடாமல் சரிப்படுத்தித் தந்த பிள்ளை இவர்தான்” என்று என்னைக் காட்டுவார். அந்த மாலுபாணை நான் ஒன்றரை வருடம் தின்றேன்.

போர் முடிந்துவிட்டதென்று தெருவெல்லாம் வெடி கொளுத்தி, பாற்சோறு கொடுத்துக்கொண்டிருந்த கிழமை. எங்கள் சனங்களின் வீடுகளில் ஜன்னல் சாத்தியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமையும் அன்ரி கணினிக்கு முன்னால் இருந்தார். வெளியே ஒரு சீனவெடிக் கட்டு வெடித்து ஓய்ந்ததும், “இனி ஒருத்தரையும் பிடிக்கமாட்டினமாம். அவன் போகாமலே இருந்திருக்கலாம், என்ன தம்பி?” என்றார். குற்றம் சாட்டிச் சொல்லவில்லை, சும்மா சொன்னார். என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

“அன்ரி, அந்தப் பாஸ்வேர்ட் உங்கடை மகன் போட்டதில்லை. நான் போட்டது” என்றேன். வாய்க்கட்டைச் சொன்னேன், பொட்டைச் சொன்னேன், பற்றரிக்குள் அழுக்கு இருக்கவில்லை என்றும் சொன்னேன். முழுக்கக் கேட்டார். முடிந்த பிறகு, “எப்ப தெரியும் உனக்கு?” என்றார். அதுவரை அவர் என்னை நீர் என்றுதான் சொல்லிவந்தார்.

“அண்டைக்கே. அஞ்சு மணிக்கு.”

“உன்னைப் பற்றி நான் கோயிலிலை எல்லாருக்கும் சொன்னனான்” என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் எனக்கு நன்றாயிருந்திருக்கும். ஹெட்ஃபோனைக் கழற்றினார். வயரைச் சுற்றாமல், அப்படியே என் கையில் வைத்தார். “இனி நீ இரு” என்றார். எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். பத்து நிமிடம் கதிரையில் இருந்துவிட்டு நான் வந்துவிட்டேன். அதன் பிறகு அந்த வீட்டுக்குப் போகும் முகம் எனக்கு இருக்கவில்லை. சில மாதம் கழித்து, அன்ரியின் பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவில் வந்து ஒரு அரிசிப் பையைக் கடையில் இறக்கினார். அன்ரி மன்னாரில் தங்கை வீட்டோடு போய்விட்டார், இதை உங்களிடம் கொடுக்கச் சொன்னார் என்றார். உள்ளே மடிக்கணினியும் அந்த ஹெட்ஃபோனும். செருப்பு இருக்குமா என்று பையைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்தேன். அதைத் தன்னோடு கொண்டுபோயிருக்க வேண்டும். மூன்று வருடத்தில் அவர் மன்னாரில் காலமானார். சவ வீட்டுக்கு நான் போகவில்லை.

இப்போது எனக்கென்று ஒரு கடை இருக்கிறது, அதே வெள்ளவத்தையில், வேறு ஒழுங்கையில். வருகிறதெல்லாம் கைபேசி. தாய்மார் கடைக்கு உள்ளேயே நின்று ரொறொன்ரோவில் இருக்கும் பேரனின் முகத்தைப் பார்த்துப் பாட்டுப் பாடுகிறார்கள், பக்கத்தில் நிற்பவர் கொஞ்சம் மெதுவாய் என்கிறார். யாரும் எதையும் அரிசிக்குள் வைப்பதில்லை. அன்ரியின் கணினி இன்னும் எழும்புகிறது. அந்தச் செயலியை நடத்தியவர்கள் பழைய இயந்திரங்களுக்கு அதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். திறந்தால் எங்கும் இணையாது, பழைய உரையாடல் மட்டும் தெரியும். எல்லாரும் இப்படித்தான் சொல்லினம் என்ற அவனது வரி. அதற்குக் கீழே ஒரு செருப்பைப் பற்றி நான் எழுதிய பாதி வரி, போய்ச் சேராத அடையாளத்தோடு.

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கு முன்கதவைப் பாதி இறக்கிவிடுவேன். ஏதோ பழைய மெஷினைச் சோதித்துப் பார்க்கிறார் என்று மனைவி நினைக்கிறாள். மேசை லாச்சியிலிருந்து ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொள்வேன். பஞ்சு உதிர்ந்து பாதியாகிவிட்டது, இடது காதுக்குள் அந்த அரிசி இன்னும் கிடந்து குத்துகிறது. இயந்திரம் எழும்பும், மேளச்சத்தம் வரும், பிறகு ஒன்றும் வராது. இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். சில வெள்ளிக்கிழமை இத்தோடு நிறுத்துவோம் என்று நினைப்பதும் உண்டு. ஆனால் “இனி நீ இரு” என்று அன்ரி எனக்குச் சொன்னதில் எத்தனை நாளைக்கு என்று இருக்கவில்லை.